தோலும் தாளும்

அரசாங்கம் சும்மா பணம் தருமா? தரும். கடனாக இல்லை, மானியமாக. சின்னத் தொழில் செய்கிற ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தால், அது தேறுமா தேறாதா என்று தெரிவதற்கு முன்பே செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்ளும். நேர்மையாகச் செய்து பார்த்து முயற்சி தோற்றுப்போனாலும் மானியத்தைத் திருப்பிக் கேட்காது. இதைத் தாராவியில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார்கள். 'கமிஷன் எவ்வளவு சார்?' என்று ஒருத்தர் என்னிடம் கேட்டே விட்டார்.

நான் ஏஜென்ட் இல்லை, கணக்கன். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்து செம்பூரில் குடியிருப்பவன். இந்த மாதிரி மானியம் வாங்கிய சின்னக் கம்பெனிகளின் கணக்கைப் பார்த்து, 'எதற்காகப் பணம் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவானது' என்று கையெழுத்துப் போடுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அந்தத் தாளுக்கு யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட் என்று பெயர். முன்பு 19-ஏ படிவம், 2017இல் நிதி விதிகள் மாறிய பிறகு 12-ஏ படிவம். என்னிடம் வருகிறவர்கள் பொவாய், அந்தேரி, நவி மும்பைக்காரர்கள். தாராவியிலிருந்து இதுவரை ஒரு படிவம்கூட வந்ததில்லை. ஏன் என்று யோசிக்கப் போய்த்தான் நூறு வருடத்துக்கும் மேலான கதை ஒன்று கிடைத்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை பம்பாயில் ஆரம்பிக்கவில்லை, மெட்ராஸில் ஆரம்பிக்கிறது. ஆல்பிரட் சாட்டர்டன் என்று ஒரு வெள்ளைக்காரர், இன்ஜினியரிங் காலேஜ் புரொபசர். 1898இல் மெட்ராஸ் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்க்க ஆரம்பித்தார். செலவு சர்க்காருடையது. தொழில் ஓடும் என்று தெரிந்ததும் அதைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். நம் வீட்டு ஈயம் பூசின பித்தளையை ஓரங்கட்டிய அந்த வெள்ளைப் பாத்திரத்தின் ஆரம்பத்தில் ஒரு சர்க்கார் ஆராய்ச்சிச் செலவு இருக்கிறது.

அடுத்து 1903 வாக்கில் அவர் தோலில் கை வைத்தார். அதுவரை தென்னாட்டில் தோல் பதனிடுவது ஆவாரம்பட்டையில்தான். அரைப் பதத்தில் லண்டனுக்குக் கப்பலேற்றுவார்கள். அமெரிக்காவில் குரோமியம் உப்பைப் போட்டு வேகமாகப் பதனிடும் முறை வந்து நம் ஆட்டுத்தோல் வியாபாரத்தை அடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த முறையை இங்கே செய்து காட்ட வேண்டும் என்று சாட்டர்டன் இறங்கினார். அந்தத் தோலில் அவர் செய்த சாமான்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது கவலை. மனக்கவலை இல்லை சாமி, கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற தோல் சால்! எப்போதும் தண்ணீரில் ஊறுகிற சாமானுக்கு குரோம் தோல் நன்றாகத் தாங்கும். லண்டன் சந்தைக்காக வந்த முறையை நம் கமலைக் கிணற்றில் கொண்டுபோய்ச் சோதித்த மனுஷனை எனக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

வெள்ளைக்கார வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. சர்க்கார் வியாபாரத்தில் எங்களோடு போட்டி போடுவதா என்று மெட்ராஸ் சேம்பர் ஆப் காமர்ஸ் எதிர்த்தது. 1908இல் ஊட்டியில் தொழில் மாநாடு கூடித் தொழில்துறை ஒன்று வேண்டும் என்றது. 1910இல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி பிரபு, சர்க்கார் பணத்தைத் தொழில் கற்றுக்கொடுக்கச் செலவழிக்கலாம், தொழில் நடத்தச் செலவழிக்கக் கூடாது என்று எழுதி அதை நிறுத்தினார். சாட்டர்டன் 1912இல் மைசூருக்குப் போய்விட்டார்.

மார்லி கேட்ட கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. என் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு படிவத்திலும் வேறு வார்த்தையில் இருக்கிறது: 'இந்தச் செலவு ஆராய்ச்சியா, வியாபாரமா?'

முதல் உலகப்போர் வந்து கப்பல் நின்றபோதுதான் இங்கே எதுவும் செய்யத் தெரியாது என்பது ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. 1916 முதல் 1918 வரை ஹாலண்ட் தலைமையில் தொழில் கமிஷன். அதில் சாட்டர்டனும் ஓர் அங்கத்தினர், மாளவியாவும்தான். பிறகு மாகாணங்களின் கைக்குத் தொழில்துறை வந்து, 1922இல் நீதிக்கட்சி ஆட்சியின்போது மெட்ராஸ் சட்டசபை தொழில்களுக்கு அரசு உதவி தரும் சட்டம் போட்டது. விண்ணப்பம், விசாரணை, ஈடு, தவணை, கணக்கு. இன்றைய மானியக் கோப்பின் தாத்தா அது.

இனி பம்பாய்.

அதே காலத்தில் தாராவி தோல் ஊராகிவிட்டிருந்தது. பாந்த்ராவில் ஆடு மாடு அறுக்கும் தொட்டி. பக்கத்திலேயே சதுப்பு நிலம், தண்ணீர், நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்ல ஆள் இல்லாத இடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் அங்கே தோல் ஷாப்பு போட்டார்கள். கூடவே ஊரிலிருந்து ஆதிதிராவிடர்கள் வேலைக்கு வந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்று தோல் மிதித்தவர்கள் நம் ஜனங்கள்.

ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் மாட்டுங்கா. அங்கே வந்த தமிழர் வேறு ரகம். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட், பி.காம். ஒரு கம்பெனிக்கு மனு எழுதுவது, மினிட்ஸ் எழுதுவது, வருமான வரிக்குப் பதில் போடுவது எல்லாம் அவர்கள் கைவேலை. சாதியைச் சொல்லாமல் இதைப் பேசினால் பாதிதான் பேசியதாகும்: இந்தப் பக்கம் தோல், அந்தப் பக்கம் தாள். இரண்டு பேரும் தமிழ் பேசினார்கள், இரண்டு பேரும் ஒரே மெட்ராஸ் மெயிலில் வந்தார்கள். ஆனால் தோல்காரருக்கு ஒரு மனு எழுதித் தர மாட்டுங்காக்காரர் பாலம் தாண்டிப் போனதாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. 1887இல் ஏற்பட்ட வி.ஜே.டி.ஐ. 1923இல் மாட்டுங்காவுக்கு இடம் மாறியது. 1933இல் ஆரம்பித்த யு.டி.சி.டி., இப்போது ஐ.சி.டி. என்கிறார்களே அந்த ரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரி, 1943இல் அங்கேயே வந்தது. அதன் முதல் இந்திய டைரக்டர் கே. வெங்கட்ராமன், மெட்ராஸ்காரர், சாய வேதியியலில் உலகப் பெயர் எடுத்தவர். அங்கே படித்தவர்கள் நாடு முழுக்கச் சாயம், மருந்து, பெயிண்ட் கம்பெனிகள் ஆரம்பித்தார்கள். ரசாயனத்தில் கைவைத்துப் பிழைக்கிற தாராவித் தோல் ஷாப்பு அங்கிருந்து நடக்கிற தூரம்.

சுதந்திரத்துக்கு முன்பே ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வரும் வழியைத் திறந்தவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். வைசிராய் கவுன்சிலில் வர்த்தக அங்கத்தினராக இருந்தபோது 1940இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைய முக்கியக் காரணமாக இருந்தார். பட்நாகர் அதை நடத்தினார். ஆராய்ச்சி நிதிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வீதம் ஐந்து வருடத்துக்கு என்று ஏற்பாடு. 1942இல் அதுவே சி.எஸ்.ஐ.ஆர். ஆனது. அதன் கீழ் 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. சாட்டர்டனின் ஆசை ஐம்பது வருடம் கழித்துக் கட்டடமாக எழுந்தது என்று சொல்லலாம். நாயுடம்மா அதன் டைரக்டராக இருந்த காலத்தில் சின்னத் தோல் ஷாப்புகளோடு அதற்கு நல்ல உறவு இருந்தது. ஆனால் அந்த உறவெல்லாம் ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கம்.

அதே முதலியார்தான் 1955இல் பம்பாயில் ஆரம்பித்த ஐ.சி.ஐ.சி.ஐ.க்கு முதல் சேர்மன். அங்கேதான் நம் மானியக் கதையின் அடுத்த அத்தியாயம். 1985இல் அமெரிக்க அரசின் உதவி அமைப்பு ஐ.சி.ஐ.சி.ஐ.யிடம் 1 கோடி டாலர் கொடுத்தது. பாக்ட் என்று திட்டத்துக்குப் பெயர். இந்தியக் கம்பெனி ஒன்றும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து புதுப்பொருள் ஒன்றை உருவாக்கினால் செலவில் பங்கு தருவார்கள். பொருள் விற்றால் ராயல்டியாகத் திருப்பித் தர வேண்டும், விற்காவிட்டால் வேண்டாம். ஈடு கேட்டே பழகிய பாங்கிக்காரர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். அந்த வருடம்தான் இன்னொரு தமிழர், நாராயணன் வாகுள், ஐ.சி.ஐ.சி.ஐ. தலைமைக்கு வந்தார். 'சொத்து என்ன இருக்கிறது?' என்று கேட்கிற இடத்தில் 'யோசனை என்ன, செய்து முடிக்கிற ஆள் யார்?' என்று கேட்கிற பழக்கம் இந்திய நிதி நிறுவனங்களுக்குள் நுழைந்ததில் பாக்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

அமெரிக்காவில் இந்த யோசனை அதற்குள் சட்டமாகவே ஆகியிருந்தது. தேசிய விஞ்ஞான பவுண்டேஷனில் ரோலண்ட் டிப்பெட்ஸ் என்ற அதிகாரி 1977இல் சின்னக் கம்பெனிகளுக்கென்று ஆராய்ச்சி மானியத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நடத்திப் பார்த்தார். முதல் கட்டம் சின்னத் தொகை: யோசனை வேலை செய்யுமா? இரண்டாவது பெரிய தொகை: செய்து காட்டு. மூன்றாவது கட்டத்துக்கு இந்தத் திட்டத்திலிருந்து பணம் கிடையாது: போய் விற்றுக்கொள். 1982 ஜூலையில் ரீகன் கையெழுத்துப் போட்டார், எஸ்.பி.ஐ.ஆர். பிறந்தது. ஆராய்ச்சிக்குப் பெரிய பட்ஜெட் வைத்திருக்கிற ஒவ்வொரு அமெரிக்க இலாகாவும் வெளியே கொடுக்கிற ஆராய்ச்சிப் பணத்தில் இத்தனை சதவீதம் சின்னக் கம்பெனிக்கு என்று ஒதுக்க வேண்டும். 0.2 சதவீதத்தில் ஆரம்பித்தது 2017இல் 3.2 சதவீதமாக ஆனது. சதவீதம் சட்டத்தில் இருக்கிறது என்பதுதான் விசேஷம்.

நாம் அந்தப் பெயரைக் கடன் வாங்கினோம், சதவீதத்தை வாங்கவில்லை. 2005இல் பயோடெக்னாலஜி இலாகா எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்று கடைசியில் ஓர் எழுத்து கூட்டி ஆரம்பித்தது. 2012இல் பைராக் வந்தது. அதன் பிக் மானியம் 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை. தனி மனிதக் கண்டுபிடிப்பாளர்களுக்கென்று 1990களின் கடைசியில் வந்த டெப் பிறகு பிரிசம் ஆனது. அரசு கொள்முதலில் 2012 உத்தரவு சின்னத் தொழிலுக்கு 20 சதவீதம் ஒதுக்கியது, பிறகு 25 ஆக்கினார்கள். நம் சர்க்காருக்கு ஒதுக்கீடு என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. ஆராய்ச்சிப் பணத்துக்குத்தான் அது வரவில்லை.

வெளிநாட்டுத் தொழில்நுட்பத்துக்குக் கட்டுகிற பணத்தில் 5 சதவீதம் செஸ் போட 1986இல் சட்டம் வந்தது. பின்னால் அந்த நிதியை நம்பித்தான் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியம் 1996இல் அமைந்தது. வசூலானதில் சிறு பகுதிதான் வாரியத்துக்குப் போனது என்று தணிக்கை அறிக்கைகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2017இல் செஸ்ஸையே எடுத்துவிட்டார்கள். போகட்டும்.

இதற்கெல்லாம் நடுவே தாராவிக்கு என்ன ஆனது? 1971இல் அறுவைக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவனாருக்குப் போனது. எங்கள் செம்பூருக்குப் பக்கம்தான். பின்னாலேயே தோல் ஷாப்புகளையும் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று கிளப்பினார்கள். 1980களுக்குப் பிறகு பெரும்பாலானவை போய்விட்டன. நாற்றமும் கழிவும் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நாற்றம், அதே கழிவு வேலூர்ப் பக்கமும் இருந்தது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அங்கே சுத்திகரிப்பு இல்லாத தோல் ஷாப்பை மூடச் சொன்னது. அங்கே என்ன நடந்தது? பல தோல் ஷாப்புகள் சேர்ந்து கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டின. மத்திய அரசும் மாநில அரசும் மானியம் கொடுத்தன. அடையாற்று விஞ்ஞானிகள் தொழில்நுட்பம் கொடுத்தார்கள். குறை நிறைய உண்டு, பாலாறு இன்னும் தேறவில்லை. இருந்தாலும் அங்கே 'இதை எப்படிச் சரிசெய்வது?' என்று கேட்டு அதற்குப் பணமும் கொடுத்தார்கள். தாராவியிடம் 'எப்போது காலி செய்வாய்?' என்று மட்டும் கேட்டார்கள். ஆம்பூர்க்காரருக்குப் பட்டா இருந்தது, சங்கம் இருந்தது, லெட்டர்ஹெட் இருந்தது. தாராவிக்காரர் நின்ற நிலமே அவருடையது இல்லை.

இப்போது தாராவியில் இருப்பது தோல் சாமான் வேலை: பை, பர்ஸ், பெல்ட். தோல் சென்னை பெரியமேட்டிலிருந்தோ கான்பூரிலிருந்தோ பதனிட்டு வருகிறது. அங்கே எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பை தைக்கிறார். பத்துப் பேர் வேலை. தோல் ஒட்டுகிற 'சொல்யூஷன்' நெடியில் பையன்களுக்குத் தினமும் தலைவலி என்று தண்ணீரில் கரைகிற பசைக்கு மாறிப் பார்த்தார். வெயில் காலத்தில் பிடித்தது. ஜூனில் மும்பை மழை வந்ததும் மடிப்பெல்லாம் விட்டுப்போனது. மனுஷன் விடவில்லை. மேல்தளத்தில் பல்பு வைத்துப் பெட்டி கட்டி, ஒட்டின தோலை அதற்குள் இத்தனை நேரம் அத்தனை நேரம் என்று வைத்து எடுத்து, எந்தத் தோலுக்கு எவ்வளவு சூடு என்று மூன்று மாதம் பார்த்தார். எத்தனையோ சதுர அடித் தோல் வீண். கணக்கு நோட்டில் அதை அவர் 'நஷ்டம்' என்று எழுதியிருக்கிறார்.

அதே வேலையை பொவாயில் செய்கிற என் கட்சிக்காரப் பையன் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று எழுதுகிறான், பாதிக்கு மேல் அரசு தருகிறது. அவன்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, நல்ல பிள்ளை. ஐ.ஐ.டி.யில் 2004இல் ஆரம்பித்த சைன் மாதிரி இடத்தில் ஒரு மேஜையும் விலாசமும் வழிகாட்ட ஆளும் கிடைக்கிறது.

அண்ணாச்சி விண்ணப்பித்தால் என்ன கேட்பார்கள்? கம்பெனிப் பதிவு. சொந்த ஆராய்ச்சி வசதி. அவர் பட்டறை ஒரு ஏணி ஏறிப் போகிற மாடி, மீட்டர் கீழ்வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம் வாய்வார்த்தை. பையன்களுக்கு பீஸ் ரேட், சம்பளப் பட்டியல் கிடையாது. அவர் பங்குக்குப் பாதிப் பணம் முன்னாலேயே போட வேண்டும். மானியத்துக்குத் தனிக் கணக்கு, அதில் வருகிற வட்டிகூட அரசுக்கே. ஒரு மைல்கல் தாண்டி அறிக்கை கொடுத்தால்தான் அடுத்த தவணை. எனக்குத் தெரிந்து தவணை எட்டு மாதம் தாமதமாகி, கம்பெனியே படுத்த கதையும் உண்டு. பத்துப் பேருக்கு வாரக்கூலி கொடுக்கிறவர் எட்டு மாதம் எங்கே போவார்?

இந்தக் கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. பொதுப்பணம், ஏமாற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாக் கேள்வியும் சேரும்போது, ஆராய்ச்சி செய்கிறவரைத் தேடுவதற்குப் பதிலாகத் தாள் வைத்திருப்பவரைத் தேடுகிற சல்லடையாக ஆகிவிடுகிறது. இப்போது தாராவி மறுசீரமைப்பு வந்திருக்கிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. வீட்டுக்கு வீடு சர்வே எடுத்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பு தரைத்தளத்தில் இருந்ததற்குத் தாள் இருக்கிறதா என்பது அங்கேயும் பெரிய கேள்வி. ஏணி ஏறிப் போகிற மாடிக்கு அந்தக் கேள்வியில் நல்ல பதில் இல்லை. பல்புப் பெட்டி அதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னச் சந்து மட்டும் திறந்திருக்கிறதாகப் படுகிறது. 2022 மார்ச்சில் வந்த எம்.எஸ்.எம்.இ. இன்னோவேட்டிவ் திட்டத்தில் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை உண்டு. பணம் ஒரு கல்லூரி அல்லது நிறுவனம் வழியாக வருகிறது, ஆய்வுக்கூடமும் அவர்களுடையது. உத்யம் பதிவு இலவசம், யாருக்கும் பத்து பைசா கொடுக்காதீர்கள். விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எப்போதும் திறந்திருக்காது.

உங்கள் பிள்ளை ஐ.சி.டி.யிலோ வி.ஜே.டி.ஐ.யிலோ படித்தால், புராஜெக்டுக்குத் தலைப்பு தேடினால், பாலம் தாண்டி அழைத்துப் போக நான் தயார். தாராவியில் உறவு இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கச் சொல்லுங்கள். தேதி, என்ன செய்து பார்த்தோம், எவ்வளவு தோல், எவ்வளவு பசை, என்ன ஆனது. தமிழில் எழுதினால் போதும். பசை வாங்கின பில்லை அதிலேயே பின் அடித்து வைக்கட்டும். அண்ணாச்சிக்கு நான் வாங்கிக் கொடுத்த நோட்டில் ஜூன் மாதம் பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. கையெழுத்துதான் கொஞ்சம் கோழி கிளறின மாதிரி. நான் படித்துவிடுவேன்.